சொட்டு விட்டேனா?

பூட்டிய கதவை நாலு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, படியிறங்கி, தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி ஓடி வரும் மனித இனத்தை நீங்கள் அறிவீர்கள். அதில் அரிய கிளை ஒன்று ஜப்பானில், செந்தாய் நகரத்துத் தோல் ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உலவுகிறது. பெயர் ஹிராத்சுகா.

அவர் தொழில் தோல் செல்களைக் கலவரப்படுத்துவது. நம் உடம்பின் காவல் செல்கள் இன்டர்லூகின் என்ற புரதத்தைத் தூது அனுப்பும். அது கொண்டுவரும் சேதி ஒன்றே ஒன்று: ஆபத்து! கேட்ட தோல் செல் சும்மா இருக்குமா? தானும் கத்தும். அந்தக் கத்தலுக்கு இன்னும் காவலர்கள் ஓடிவந்து, அவர்களும் கத்தி, எதற்காகக் கத்த ஆரம்பித்தோம் என்பதே எல்லோருக்கும் மறந்துபோன பிறகும் தோல் சிவந்து, தடித்து, அரித்துக்கொண்டே கிடக்கும். திருடன் வந்தானா? வரவேயில்லை.

இந்தத் தூதுவனுக்கு நிறம் கிடையாது, பச்சைத் தண்ணீர் மாதிரி இருப்பான். அங்கேதான் வினை. செல் வளரும் தட்டில் குழிக்கு ஒரு சொட்டு விட வேண்டும். விட்டால் தடயம் இருக்காது. ஹிராத்சுகா விடுவார், தட்டைக் கொண்டுபோய்ச் சூட்டுப் பெட்டிக்குள் வைப்பார், ஒரு கையுறையைக் கழற்றுவார். முகம் மாறும்.

“மினெகிஷி-சான், நான் சொட்டு விட்டேனா?”

“விட்டீங்க,” என்பார் பக்கத்து மேசைப் பெண்மணி.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“என்னைப் பாத்தீங்களா, சொட்டைப் பாத்தீங்களா?”

“ரயில் ஓட்டுறவங்க சிக்னலைப் பாத்துச் சொல்ற மாதிரி விரலை நீட்டி, ‘விட்டாச்சு, சரி!’ன்னு வாய்விட்டுச் சொல்லித் தொலைங்களேன்” என்று அவர் ஒருநாள் யோசனை சொன்னார். ஹிராத்சுகா கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து கேள்வி இரண்டாயிற்று. விட்டேனா? சொன்னேனா?

சந்தேகம் முற்றினால், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சொட்டு. இரட்டைச் சேதி கேட்ட செல்கள் பதறிச் செத்தால் சோதனை குப்பைக்கு.

அன்றைய தட்டு சாதாரணத் தட்டல்ல. பஸ் ஓட்டுநர் கமோஷிதா, அரிப்பில் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் வேலைக்கு விடுப்பு போட்டவர், முழங்கையிலிருந்து பொத்தான் அளவு தோலை வெட்டி எடுக்கக் கொடுத்திருந்தார். “என் தோலு யாரைப் பாத்து இப்படிக் கத்துதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க சென்செய்.” அந்தத் தோலிலிருந்து முளைத்தது ஒரே தட்டு. கெட்டால், மறுபடியும் அவர் மேல் கத்தி வைக்க வேண்டும்.

ஹிராத்சுகா விட்டார். விரலை நீட்டினார். “விட்டாச்சு, சரி!” பெட்டியில் வைத்தார். நின்றார். தட்டை வெளியே எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சுற்று விட்டார். அப்புறம்தான் குப்பை டப்பாவைப் பார்த்தார். சொட்டு விடும் குழாயிலிருந்து ஒவ்வொரு சொட்டுக்கும் கழற்றிப் போட்ட பிப்பெட் முனைகள் இரண்டு பங்கு கிடந்தன.

“மினெகிஷி-சான்... கமோஷிதா-சான் தோலைக் கெடுத்துட்டேன்.”

“கெடுக்கல.” அவர் திரும்பக்கூட இல்லை. “நீங்க பெட்டிகிட்டப் போனதும் ஐஸ்ல இருந்த இன்டர்லூகின் குப்பியை மாத்திட்டேன். ரெண்டாவதா விட்டது வெறும் உப்புத் தண்ணி. எப்பவும் இதைத்தானே பண்றேன்? உங்க சோதனையெல்லாம் எப்படித்தான் ஒழுங்கா வருதுன்னு நினைச்சீங்க?”

ஹிராத்சுகா மேசையில் நெற்றி இடிக்கும் அளவுக்குக் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தார். பெருமூச்சு விட்டார். ஒரு கையுறையைக் கழற்றினார். முகம் மாறியது.

“முதல் சொட்டுக்கு அப்புறம்தானே மாத்துனீங்க? முன்னாடியே மாத்திடலையே?”

“அப்புறம்தான்.”

“நிச்சயமா?”

மினெகிஷி மெல்ல எழுந்து ஐஸ் பெட்டியைப் பார்க்கப் போனார்.

பார்த்தீர்களா, சேதி எப்படிப் பரவுகிறதென்று? நல்லவேளை, உங்களுக்கு இந்த வியாதி இல்லை. காஸை மூடிவிட்டுத்தானே வாசிக்க உட்கார்ந்தீர்கள்? சும்மா கேட்டேன், எழுந்திருக்காதீர்கள். சரி, எழுந்ததுதான் எழுந்தீர்கள், அந்த முழங்கையைச் சொறிவதையாவது நிறுத்திவிட்டுப் போங்கள்.