நாற்றுக்கு ஒரு துணை

பக்தி இருக்கிறவனுக்கு இரக்கம் இருக்கும். இரக்கம் இருக்கிறவனுக்கு அரசாங்க மானியம் கிடைக்காது. இதைச் சொந்தச் செலவில் கண்டுபிடித்தவன் நான்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்களுக்கு ஒரு காணி நிலம். அரசாங்கத்தில் கொடுத்த டிவி வீட்டுக்கு வந்த வருஷம் அது. அந்த டிவிக்கு நேர் மேலே கூரை ஒழுகும். மழை வந்தால் என் மனைவி செல்வி டிவிக்குக் குடை பிடித்துக்கொண்டு சீரியல் பார்ப்பாள். அப்போதுதான் ஒற்றை நாற்று நடவுக்கு மானியம் என்றார்கள். செல்வியின் தம்பி குணா ஆபீஸ் ஆபீஸாக அலைந்து என் பெயரைச் சேர்த்துவிட்டான். பணம் வந்ததும் ஓடு போடுவதாகப் பேச்சு.

"மாமா, அவுங்க சொல்றத அப்படியே செய்ங்க. நீங்களா எதுவும் யோசிக்காதீங்க" என்றான். (என் யோசனைகளால் முன்பே அடிபட்டவன்.)

வழக்கமாக நாலைந்து நாற்றைச் சேர்த்து ஒரு குத்தாக நடுவோம். இந்த முறையில், கயிறு பிடித்து, சாணுக்கு ஒரே ஒரு குஞ்சு நாற்று. வேளாண்மை அலுவலர் வரப்பில் நின்று நட வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை திருநீறு பூசிக்கொண்டு வயலுக்குப் போனேன். அவ்வளவு பெரிய சேற்றில் ஒவ்வொரு நாற்றும் தனியாக நின்று காற்றில் நடுங்கியது. சிதம்பரத்தில் ஆடுகிற சாமியே பக்கத்தில் சிவகாமியை நிறுத்திக்கொண்டுதான் ஆடுகிறார். விரலளவு நாற்று எம்மாத்திரம்?

நடவு ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டு, கையிலிருந்து இன்னொரு நாள் கூலி கொடுத்து, மிச்சமிருந்த நாற்றை ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒன்றாக நட வைத்தேன்.

"இன்னா மாமா, முகூர்த்த நாளா இன்னிக்கி? வயலு பூரா ஜோடி சேக்குறீங்க" என்றாள் நடவுக்கார அஞ்சலை. எல்லோரும் சிரித்தார்கள். புண்ணியம் செய்கிற பூரிப்பில் நானும் சிரித்தேன்.

பத்து நாள் போல் கழித்து அலுவலர் வந்தார். தனியாக வரவில்லை. என் வயலை முன்மாதிரி என்று காட்ட, ஒரு வேன் நிறைய வெளியூர் விவசாயிகளோடு வந்தார். குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கினார். இரண்டு வந்தது. தள்ளிப் போய் இன்னொன்றைப் பிடுங்கினார். அதுவும் இரண்டு.

"ஒத்தை நாத்துன்னுதானே சொன்னேன்?"

"ஒத்தைதான் சார். பக்கத்துல இருக்கறது தொணைக்கு."

"எதுக்கு?"

"தொணைக்கு சார். தனியா நின்னுச்சு, பாவமா இருந்துச்சு."

வந்திருந்தவர்கள் சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கூட வந்திருந்த குணா தலையில் கை வைத்துக்கொண்டான்.

அலுவலர் நல்ல மனுஷன். "சரி, நாளைக்குள்ள தொணையெல்லாம் புடுங்கிடுங்க. நான் வந்து பாத்து எழுதிடறேன்" என்றார்.

இறங்கினேன். முதல் ஜோடியைப் பிரித்தேன். எது நாற்று, எது துணை என்று நட்ட எனக்கே தெரியவில்லை. வேர் இரண்டும் பின்னிக்கொண்டு கிடந்தன. அடுத்த ஜோடிக்குக் கை போகவில்லை.

"மாமா, கூரைய நெனச்சிக்கினு புடுங்குங்க" என்று கத்தினான் குணா.

கூரையையும் நினைத்தேன், செல்வியையும் நினைத்தேன், குடையையும் நினைத்தேன். சிவகாமி பெயரைச் சொல்லிக்கொண்டே கரையேறிவிட்டேன். மானியம் பக்கத்து வயல்காரருக்குப் போனது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகியது. புதிதாக ஒழுகிய இடத்தில் செல்வி ஒரு குண்டானை வைத்தாள். கொஞ்சம் யோசித்து, அதன் பக்கத்தில், சொட்டுத் தண்ணீர் விழாத இடத்தில், இன்னொரு குண்டானை வைத்தாள்.

"அது எதுக்கு?" என்றேன்.

"தொணைக்கு."

பிற்பாடு ஓடு போட்டாகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பந்தியில் யார் இலையிலும் ஒற்றை வடை விழாது. எனக்கு மட்டும் குணா ஒன்றுதான் வைப்பான். வைத்துவிட்டு, நான் வாயைத் திறந்து துணை கேட்கும்வரை அங்கேயே நிற்பான்.