குடும்ப விபரத்தில் ஒரு சிறு மாற்றம்

"குடும்ப விபரத்தில் ஏதாவது மாற்றம் உண்டா, ஐயா?" என்று இராணுவ முகாம் அதிகாரி இரண்டாவது தடவையாகக் கேட்டபோதும் அரியநாயகம் பதில் சொல்லவில்லை. பேச வராதவர் என்று நினைத்துவிடக் கூடாது. புளியங்கூடலில் அவருடைய வாய்க்குப் பயந்து சுற்றுப் பாதையால் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவருக்கு முன்னால் நின்ற இலட்சுமிப்பிள்ளையிடமும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது. அந்த மனுசி "இல்லைத் தம்பி" என்றாள். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள். காணி விடுவிப்புக் கடிதத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய காணியும் அரியநாயகத்தின் காணியும் பக்கத்துப் பக்கம். இரண்டும் முகாமின் முட்கம்பிக்குள் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இப்போது கம்பியைப் பின்னுக்குத் தள்ளப் போகிறார்கள். சொந்தக்காரர்கள் காணி உறுதிப் பத்திரத்தோடு வந்து, முகாமில் உள்ள குடும்பப் பதிவைச் சரிபார்த்துவிட்டுக் காணியை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தல் வந்திருந்தது.

அந்த முப்பது வருடமும் அரியநாயகம் இருந்தது மனைவியின் தமையன் பரராசசிங்கத்தின் வீட்டுப் பின்னறையில். மச்சான் கெட்டவர் இல்லை. கிணற்று மோட்டரைப் போட்டால் முன் விறாந்தையிலிருந்து "போட்டாச்சோ?" என்று கேட்பார். நிறுத்தினால் "நிப்பாட்டியாச்சோ?" என்று கேட்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவை முப்பது வருடம் கேட்டவருக்குத்தான் அதன் அருமை தெரியும். தன் காணியில், தன் கிணற்றில், யாரும் கேள்வி கேட்காமல் தலை நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிக்க வேண்டும் என்பதைத் தவிர அரியநாயகத்துக்கு இந்த வயதில் வேறு ஆசை கிடையாது.

இப்போது அந்த ஆசைக்குக் குறுக்கே நின்றது ஒரேயொரு விசயம். ஒரு படம்.

யுத்தத்தின் கடைசி வருடங்களில் முகாமிலிருந்து வீடு வீடாக வந்து குடும்பங்களைப் பதிந்தார்கள். பெயர், வயது எல்லாம் எழுதிவிட்டு, முழுக் குடும்பத்தையும் வாசலில் நிறுத்தி, இலக்கம் எழுதிய பலகையைப் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்தார்கள். அதற்குச் சற்று முன்னர்தான் அரியநாயகம் மகன் சிவகரனைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து சுவிசுக்கு ஏற்றியிருந்தார். வளர்ந்த பெடியன் வீட்டில் இல்லையென்றால் எங்கே என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னாலும் நம்பாமல், இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று எழுதிவிடுவார்கள். ஆகவே அவருடைய மனைவி நல்லம்மா, நயினாதீவிலிருந்த தமக்கையின் மகன் தேனுஜனை வள்ளத்தில் வரவழைத்து, சிவகரனின் சேட்டு ஒன்றை உடுத்தி, பலகையைக் கையில் கொடுத்து நிறுத்திவிட்டாள். பதிவில் சிவகரன் என்ற பெயர், படத்தில் தேனுஜனின் முகம். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் பிள்ளையை இரவல் வாங்காத வீடு குறைவு.

அந்தப் படம் இந்தக் கந்தோரின் எந்த அலுமாரியில் இருக்கிறதோ என்று அரியநாயகம் சுற்றிப் பார்த்தார். பிறகு, பதிவை ஒருமுறை பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாமா என்று நல்ல சிங்களத்தில் கேட்டார். மாத்தறையில் தகப்பனோடு புடைவைக் கடை நடத்தியவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதிகாரியோ ஒரு வருடம் தமிழ் படித்துச் சான்றிதழ் வாங்கியவர், அதை விட்டுக்கொடுக்க மாட்டார். ஆகவே தமிழர் சிங்களத்திலும் சிங்களவர் தமிழிலும் மிகுந்த மரியாதையோடு பேசிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்புக்கென்று வேலைக்கு வைத்த பிரியவதனி என்ற பிள்ளை, அதற்கு வழியில்லாமல், பேசுவதையெல்லாம் கம்பியூட்டரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிக்க வேண்டும் ஐயா. தனிநபர் பதிவுகளை நாங்கள் எவருக்கும் காட்டுவதில்லை" என்றார் அதிகாரி. "உரியவருக்கும் காட்டுவதில்லை. அவ்வளவு பாதுகாப்பு."

ஆனாலும் அரியநாயகம் கலங்குகிற ஆள் இல்லை. புடைவைக் கடையில் அவர் கற்ற வித்தை ஒன்று இருந்தது. துணியில் பெரிய கிழிசல் இருந்தால், கரையில் ஒரு நூல் விட்டிருப்பதை நாமாகவே எடுத்துக் காட்டிவிட வேண்டும். வாங்குகிறவர் நம்மை நேர்மையானவன் என்று நினைத்து மற்றப் பக்கத்தைப் பிரித்துப் பார்க்க மாட்டார். அந்த வித்தையால் மாத்தறையில் பாதிப் பேர் கிழிந்த துணி உடுத்தார்கள்.

ஆகவே ஒரு சிறு மாற்றம் உண்டு என்றார். மகன் சிவகரனின் தோற்றம் மாறிவிட்டது. வெளிநாட்டுச் சாப்பாட்டில் ஊதிப்போனான். படத்தையும் ஆளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேறு ஆள் மாதிரித்தான் இருக்கும். அதிகாரி ஆர்வத்தோடு நிமிர்ந்தார். மகன் எப்போது வெளிநாடு போனார் என்று கேட்டார். படம் எடுத்து அடுத்த வருடம் என்றார் அரியநாயகம். நல்லது, கடவுச்சீட்டின் பிரதி ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்றார் அதிகாரி. பிரியவதனி அதையும் அடித்தாள்.

கடவுச்சீட்டில், போன திகதி படத்துக்கு முந்தியது. சுவிசிலிருந்து வட்ஸ்அப்பில் வந்த அந்தப் பக்கத்தை அரியநாயகம் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். திகதி மாறவில்லை.

அடுத்த கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனார். போன முறை வாய் தவறிவிட்டது என்றார். உண்மையில் தமக்கு ஆண் பிள்ளைகள் இருவர். மூத்தவன் சிவகரன் முதலே போய்விட்டான். படத்தில் நிற்பது இளையவன். எழுதியவர் அவசரத்தில் பெயரை மாற்றி எழுதிவிட்டார். பிழையை முகாமின் பக்கமே தள்ளிவிட்டதில் அவருக்குப் பெரும் திருப்தி. அதிகாரி கோபிக்கவில்லை. நடக்கக்கூடியதுதான் என்று தலையாட்டி, அப்படியானால் இளைய மகனைக் கூட்டிவாருங்கள், நேரில் பார்த்து எழுதிவிடுவோம் என்றார்.

வீட்டில் நல்லம்மா கதையைக் கேட்டுவிட்டு அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கு எப்ப ரெண்டாவது பெடியன் பிறந்தவன்?"

"காணி வருமட்டும் பிறந்திருக்கட்டும். பிறகு பாப்பம்" என்றார் அரியநாயகம்.

மறுநாள் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போனார். தேனுஜன் இப்போது நாற்பதை எட்டிப் பிடிக்கிற ஆள். குளிர்சாதனப் பெட்டி, ஏசி திருத்துகிற தொழிலில் தீவுகள் முழுவதும் பெயர் எடுத்தவன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"சித்தப்பா, அண்டைக்குச் சேட்டை மட்டும்தான் மாத்தினனான். இண்டைக்கு அப்பாவையும் மாத்தச் சொல்லுறியள்."

ஒரு நாளைக்கு மட்டும் என்று அரியநாயகம் கெஞ்சினார். கிணற்றைச் சொன்னார். மச்சானின் விறாந்தையைச் சொன்னார். இளகின மனம் படைத்த பெடியன், சம்மதித்துவிட்டான். எந்த முகாம் என்று அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முகாம் வாசலில் காவலுக்கு நின்றவன் தேனுஜனைக் கண்டதும் சிரித்துக்கொண்டு தடையை உயர்த்தினான். அரியநாயகத்துக்கு அது தமக்குக் கிடைத்த மரியாதை என்று தோன்றியது; தேனுஜன் ஏதோ சொல்ல வாயெடுத்ததைக் கவனிக்காமல் முன்னே நடந்தார். உள்ளே அதிகாரி கதிரையை விட்டு எழுந்தார்.

"தேனுஜன், நாளைதானே உங்களை வரச் சொன்னேன்? சாப்பாட்டு மண்டபத்து ஏசியில் இன்னும் தண்ணீர் வடிகிறது."

தேனுஜன் அந்த முகாமின் ஏசிகளையெல்லாம் இரண்டு வருடமாகப் பார்த்து வருகிறவன். அவனுடைய தாய் தகப்பன் பெயர் முதற்கொண்டு முகாமில் உண்டு. வேறு ஆளாயிருந்தால் அந்த இடத்தில் விழுந்து கும்பிட்டிருப்பார். அரியநாயகம் ஒரு மிடறு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். இவன் தமக்குப் பிறந்தவன்தான். மனைவியின் பிள்ளையில்லாத தமக்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். தமக்கைக்கு ஏற்கெனவே மூன்று பெண் பிள்ளைகள் இருப்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதனால் ஆண் பிள்ளை இல்லாத என்று திருத்திக்கொண்டார். தேனுஜன் கூரையிலிருந்த ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய தியாகம் என்றார். பெற்ற பிள்ளையைக் கொடுப்பது இலகுவா என்றார். பிறகு, வளர்த்த தாய் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி ஒன்று முடித்துத் தந்தால் போதும் என்றார்.

கடதாசி வரவில்லை. வளர்த்த தாய்தான் வந்தாள். முதல் படகில் வந்து இறங்கி, பரராசசிங்கத்தின் படலையைப் பிடித்துக்கொண்டு, தேனுஜனைப் பெற ஆஸ்பத்திரியில் தான் பட்ட நோவையும் போட்ட தையலையும் ஒழுங்கைக்கே கேட்கும்படி சொன்னாள். தங்கச்சியையும் விடவில்லை. நல்லம்மா அழுதாள். அன்றிலிருந்து அவள் புருசனுக்குச் சோறு போட்டாள், பேச்சை நிறுத்திவிட்டாள். அக்கா போன பிறகு மச்சான் விறாந்தையிலிருந்து "முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

அந்தக் கிழமைதான் இலட்சுமிப்பிள்ளை தன் காணியில் பால் காய்ச்சினாள். அரியநாயகம் போகாமலிருக்கப் பார்த்தார், கால் கேட்கவில்லை. அவளுடைய கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியிருந்தார்கள். அவளுடைய காணிக்கும் இவருடைய காணிக்கும் இடையில் புதிதாய்ப் போட்ட கம்பி. அந்தப் பக்கத்தில், ஆமணக்குப் பற்றைக்கு நடுவே அவருடைய கிணற்றுக் கட்டு தெரிந்தது. கல்யாணம் முடித்த வருடம் அவர் நின்று கட்டுவித்த கட்டு. ஒரு பக்கம் இடிந்திருந்தாலும் மற்றப் பக்கம் அப்படியே நின்றது. பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது. இத்தனை சமர்த்தும் இருந்து என்ன, ஒரு வாளித் தண்ணீருக்கு உதவவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

போதும் என்று முடிவு செய்தார். இனி உண்மைதான்.

உண்மையையும் அவர் சும்மா சொல்லவில்லை. வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு போய், முகாம் கதிரையில் நேராக உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். சிவகரன் எந்தப் பாதையால் போனான், யார் கூட்டிப்போனார், படம் எடுத்த அன்று யாருடைய சேட்டு, தேனுஜன் உண்மையில் யாருடைய பிள்ளை, இரண்டாவது மகன் எப்படிப் பிறந்தான், எப்படித் தத்துப் போனான், ஏன் மீண்டும் பிறக்காமல் போனான். ஒரு இடத்தில் அதிகாரி சிரித்தார். ஒரு இடத்தில் மூக்கைச் சிந்தினார். பிரியவதனியின் விரல்கள் நிற்கவேயில்லை. அடித்து முடித்ததும் அச்செடுத்துத் துளையிட்டு, முந்திய தடவைகளின் தாள்களோடு சேர்த்துக் கட்டினாள். கட்டு நல்ல பருமனாக வந்தது.

அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். "உண்மை சொல்வதற்கு மிகுந்த துணிவு வேண்டும், ஐயா. உங்களை நான் மதிக்கிறேன்."

அரியநாயகத்துக்கு அந்தக் கணத்தில் கிணற்றுத் தண்ணீர் தலையில் விழுந்த மாதிரி இருந்தது. காணிக் கடிதத்துக்குக் கையை நீட்டினார்.

"ஆனால் இவ்வளவு விபரம் உள்ள கோவையில் நான் தீர்மானம் எடுக்க முடியாது" என்று அந்தத் தாள்கட்டைத் தட்டினார் அதிகாரி. "இது கொழும்புக்குப் போக வேண்டும். அங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். காலம் எடுக்கும். கவலைப்பட வேண்டாம், அதுவரை உங்கள் காணி எங்களிடம் பத்திரமாக இருக்கும்."

பிரியவதனிதான் அவரை வாசல் வரை கூட்டிவந்தாள். அரியநாயகம் தலையை நிமிர்த்தித்தான் நடந்தார். காணி இன்றைக்கு வராவிட்டாலும் நாளைக்கு வரும். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியதே பெரிய காரியம் என்று அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னார். படலையடியில் நின்று கடைசியாக ஒன்று கேட்டார்.

"பிள்ளை, இனி அந்தப் பழைய படம் உங்களுக்குத் தேவைப்படாது. அதை எனக்குத் தர ஏலாதோ?"

பிரியவதனி அவரை விளங்காமல் பார்த்தாள்.

"எந்தப் படம் ஐயா? பழைய பதிவெல்லாத்தையும் எப்பவோ கறையான் திண்டிட்டுது. மாற்றம் இல்லையெண்டு சொன்னவையிட்டை ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு காணியைக் குடுத்திட்டம், இப்ப இந்தக் காம்பிலை ஒரு குடும்பத்தின்ரை விபரம் இருக்கெண்டால் அது உங்கடை மட்டுந்தான்."