அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்

அக்கா வீட்டிலிருந்து நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. காரணம் அக்கா இல்லை. அத்தான்கூட முழுக் காரணம் இல்லை. அவர் சார்ந்த இனம்தான் காரணம். அந்த இனத்துக்கு 'ஒண்ணும்பண்ணமாட்டான்கள்' என்று பெயர் வைத்திருக்கிறேன். இரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றியதில் மலைப்பாம்பையும் பார்த்தேன், எல்லைக் காவலரையும் பார்த்தேன். இவர்களிடம் பட்ட பயத்தை எங்கும் படவில்லை.

அடையாளம் காண்பது சுலபம். வாசல் மணியை அடித்ததும் உள்ளே ஏதோ உருளும், கதவு அதிரும், மரத்தை நகம் பிராண்டும், அத்தனைக்கும் மேலே பாசமாக ஒரு குரல் வரும்: "பயப்படாதீங்க, அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்!" கதவைத் திறப்பவரின் முன்கையில் பிளாஸ்திரி இருக்கும். "இதுவா? விளையாட்டுல பட்டது." யாருடைய விளையாட்டு?

அத்தானின் நாய்க்குப் பெயர் துரை. குட்டியாக இருந்தபோது சோபாவின் ஓரத்தில் உட்கார அனுமதி வாங்கியவன். நான் போனபோது மொத்த சோபாவும் அவனுடையது. விளிம்பில் அத்தானுக்குக் கொஞ்சம் இடம் உண்டு, ஏனென்றால் அத்தானும் அவன் சொத்து. அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில். நாலு வயதுப் பாப்பா, சாப்பாட்டு மேஜையைச் சுற்றி, சுவரோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடப்பாள். அந்த வீட்டில் நன்றாகப் பழக்கப்பட்டிருந்தது பிள்ளைதான், நாய் இல்லை. அப்பா மடியில் ஏற வேண்டுமா? துரை கொல்லைப்புறம் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

தப்பித் தவறி அவள் கிட்டே வந்தால் துரை உதட்டைத் தூக்கி உறுமுவான்.

"அத்தான், உறுமுறான்."

"உறுமலம்மா, பேசுறான்."

"என்ன பேசுறான்?"

"அப்பா என்னோடதுன்னு சொல்றான். பாசம்!" சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் அவருடைய மேனேஜர் குடும்பத்தோடு வந்தார். அவர் பையனைப் பார்த்தும் துரை பேசினான். அத்தானுக்கு மானம் போயிற்று. அன்றிலிருந்து உறுமினால் சுருட்டிய பேப்பரால் மூக்கில் ஒரு தட்டு. பத்தே நாள்.

"பாத்தியா? சத்தமே இல்ல. திருந்திட்டான்."

திருந்தவில்லை. அபாய மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, நெருப்பு அணைந்துவிட்டது என்று கையைத் தட்டிக்கொண்டார் மனுஷன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வரைந்த படத்தைக் காட்டுகிற அவசரத்தில் பாப்பா சுவரை மறந்து நேராக அப்பாவிடம் ஓடினாள். துரை உறுமவில்லை. எழுந்தான், கவ்வினான். வாயில் சிக்கியது கவுனின் கை. இரண்டு விரல் தள்ளியிருந்தால் கன்னம். துணி கிழிந்தது. அழக்கூட மறந்து நின்றாள் பிள்ளை. அத்தானின் முகம் வெளுத்துப்போனது, வாய் மட்டும் பழக்கதோஷத்தில் அசைந்தது: "ஒண்ணும்... பண்ண மாட்டான்."

"இன்னும் என்ன பண்ணணும் அத்தான்? முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டணுமா?"

"ஊரைச் சுத்திட்டு வந்து மூணு வாரம் ஆகல, என் வீட்டுக்கே சட்டம் போடறியா?"

"அவ சொல்றது சரிதானேங்க" என்றாள் அக்கா, பாப்பாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு. நாயும் அத்தானும் சேர்ந்து அவளை முறைத்தார்கள்.

அரை மணியில் டாக்சி வந்தது. கிழிந்த துணியை அத்தானின் சட்டைப்பையில் திணித்துவிட்டு ஏறினேன்.

சிரிக்கிறீர்கள். "எங்கள் வீட்டில் நாயே இல்லை" என்கிறீர்கள். நல்லது. ஆனால் உங்கள் வீட்டுக் கூடத்திலும் யாராவது சுவரோடு ஒட்டி நடக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். "அவர் கத்துவார், மனசுல ஒண்ணும் இல்ல" என்று யாருக்காக யார் சமாதானம் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். சோபாவில் உட்கார்ந்தபடி கேட்காதீர்கள். ஒருவேளை அந்தச் சமாதானம் உங்களுக்காக இருக்கலாம்.

ஏழு மாதம் கழித்து, வேறெங்கோ ஒரு பஸ் நிலையத்தில் நிற்கும்போது அத்தானிடமிருந்து செய்தி வந்தது:

"நாய் பழக்குறவர் வாராவாரம் வர்றாரு. உறுமினதுக்கு அடிச்சதுதான் பெரிய தப்பாம். துரைக்கு இப்ப சோபா இல்ல, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் தனிப் பாய். இன்னிக்கு மறுபடி உறுமினான்மா, எங்களுக்கு சந்தோஷம் தாங்கல. அவனை சமாதானம் பண்ணலாம்னு எழுந்திருக்கப் பாத்தேன். பாப்பா என் மடியிலேர்ந்து எறங்கவே இல்ல. சட்டையப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சுட்டு சொல்றா, 'போகாதீங்கப்பா. அவன் பேசுறான்.'"