மூக்குப் பரிசோதனை

“மூக்கைச் சிந்திக் காட்டுங்க.”

முகாம் வாசலில் பேச்சு நின்றது. சிம்பன்சி பார்க்கக் கிளம்பி, எறும்புக்குப் பயந்து பேண்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டிருந்த ஆறு விருந்தாளிகளும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வழிகாட்டியாகச் சேர்ந்த அன்றே பசேமேராவுக்குச் சொல்லப்பட்ட பாடம் ஒன்றுதான். விருந்தாளியிடம் உடம்புக்கு என்னவென்று மட்டும் கேட்காதே. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள். சொல்லாவிட்டால் முகக்கவசத்தைக் கொடுத்துக் கும்பிடு போடு.

“யாரு, நானா?” என்றார் யோரிஸ். பெல்ஜியத்தில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“நீங்கதான். இப்பத் தும்மினீங்க.”

“ஒரே ஒரு தும்மல்தானேம்மா? ரோட்டுப் புழுதி.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. சிந்துங்க.”

அவர் சிந்தினார். பசேமேரா குனிந்து கைக்குட்டையை ஆராய்ந்தாள். செக்கச் செவேலென்று இருந்தது.

“நம்ம ஊரு செம்மண் ரோடேதான்,” என்றாள் நியாங்கோமா. விருந்தாளிகளின் பைகளைச் சுமக்கிறவள் அவள். “பள்ளம் மேடு ஒண்ணுதான் தெரியல.”

ஐந்து பேர் சிரித்தார்கள். ஆறாமவர் சிரிக்கவில்லை. பசேமேராவும் சிரிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன், மாணவியாக இருந்தபோது, இதே காட்டில் ஓர் இருமல் புகுந்து போனதை அவள் பார்த்திருக்கிறாள். மனிதனுக்கு மூன்று நாள் சளி. சிம்பன்சிக்கு அதுவே சாவு. நாலு குட்டிகளை அவள் கையால் அளந்து, நோட்டில் எழுதி, புதைத்தாள்.

“பசேமேரா! உள்ள வா!”

முகாம் தலைவர் ருவாகைகாரா கூப்பிட்ட விதத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. எங்கள் டோரோ பக்கம் பிறந்த குழந்தைக்கு ஒரு பெயர், பாசத்துக்கு ஒரு பெயர். அந்தப் பாசப்பெயரை விட்டுவிட்டு மொட்டையாகக் கூப்பிட்டால் கன்னத்தில் அறைந்த மாதிரி. நேற்றுவரை அவள் அவருக்கு ‘அடியேரி.’ அவர் அவளுக்கு ‘அமூட்டி.’

“சொல்லுங்க, ருவாகைகாரா ஐயா,” என்று அறையைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அந்த மனுஷன் பதினோரு வருஷம் காத்திருந்து வந்திருக்காரு. நீ மூக்கைச் சிந்தச் சொல்றே. இன்னிக்கு உன் ஆறு மாசம் முடியுது, ஞாபகம் இருக்கா? சாயங்காலம் நான் கையெழுத்துப் போட்டாத்தான் வேலை நிரந்தரம்.”

“இருக்கு. ஆறு மாசத்துல ஒரு நாள்கூட நான் லீவு போடல. அதையும் ஞாபகம் வச்சுக்குங்க.”

“போட்டிருந்தா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சிருப்பே. அது உனக்கே தெரியும்.”

தெரியும். அவள் வம்சத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள்தான். அம்மா சோளக்கொல்லையில் பபூன் குரங்கைக் கல்லால் அடித்து விரட்டுகிறாள், மகள் அதையே பார்த்துக்கொண்டிருக்கப் பட்டம் வாங்கிவிட்டாள் என்று ஊர் இன்னும் சிரிக்கிறது. நிரந்தரக் கடிதம் ஒன்றுதான் அந்த வாயை அடைக்கும்.

கடைசியில் சமரசம் பண்ணினார்கள். ஐந்து பேர் வேறு வழிகாட்டியோடு சிம்பன்சிக்கு. யோரிஸ் மட்டும் பசேமேராவோடு சதுப்புப் பாதையில், மரத்துச் சில்லறைக் குரங்குகளைப் பார்க்க.

“பரவாயில்லம்மா,” என்றார் யோரிஸ். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

சதுப்போரம் செங்குரங்குகள் இருந்தன. யோரிஸ் அண்ணாந்து பார்த்தார். ஒரு குரங்கு குனிந்து பார்த்து, நிதானமாக, குறி தவறாமல், அவர் தொப்பியில் மூத்திரம் பெய்தது.

“ஆசீர்வாதம் கெடச்சிருச்சு, அப்பூலி!” என்றாள் நியாங்கோமா. அப்பூலி என்பது முகாமில் அவருக்கு வைத்த பாசப்பெயர். அவர் கேமராவை அவளிடம்தான் கொடுத்திருந்தார். அவள் கண்டமேனிக்கு அழுத்திக்கொண்டிருந்தாள். பாதி படத்தில் அவள் கட்டைவிரல் இருந்தது.

பசேமேரா முகக்கவசத்துக்குள் மூக்கை உறிஞ்சினாள்.

“என்ன அடியேரி?” என்றாள் நியாங்கோமா.

“அம்மா அடுப்புப் புகை. ஈர விறகு.”

திடீரென்று செங்குரங்குகள் அலறிக்கொண்டு சிதறின. செங்குரங்கு அப்படி ஓடினால், பின்னால் வருகிறவன் அதைத் தின்கிறவன், சிம்பன்சி. பசேமேரா வாக்கி டாக்கியை எடுத்தாள்.

“அராலி, சிம்பன்சி எங்க இருக்கு?”

தடம் பார்க்கிற அராலியின் குரல் கரகரத்தது. “காலையிலேர்ந்து தேடுறேன் அடியேரி. இங்க அஞ்சு பேரும் எறும்புப் புத்தைத்தான் படம் எடுத்துட்டு இருக்காங்க. உங்க பக்கம் சத்தம் கேக்குதே?”

“இங்க வரக் கூடாது!”

“நான் சொன்னாக் கேக்குமா?”

பாதையை விட்டு இடப்பக்கம் திரும்பினாள். அங்கே பாப்பிரஸ் கோரை. ஐந்தாவது அடியில் யோரிஸ் முழங்கால்வரை சேற்றில் இறங்கினார். அவரை இழுத்தார்கள். அவர் வந்தார், இடது பூட்ஸ் வரவில்லை. பூட்ஸுக்காகக் குனிந்தபோது நியாங்கோமாவும் இறங்கினாள். கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். ஒருவழியாக மூவரும் சேற்றுப் பொம்மைகளாக மேட்டில் ஏறினார்கள்.

மேட்டில் ஓர் அத்தி மரம் பழுத்துக் கொட்டியிருந்தது. அதன் அடியில் பதினேழு சிம்பன்சிகள் பந்தி போட்டிருந்தன.

யோரிஸின் கண்ணில் நீர் வந்துவிட்டது. பதினோரு வருஷம் அந்தக் கண்ணில் நின்றது. வயிற்றில் குட்டி தொங்க ஒரு தாய், மனிதர்கள் என்ற எண்ணமே இல்லாமல், மூன்று கை தூரத்துக்கு நடந்து வந்தது.

பசேமேராவுக்கு அவள் புதைத்த நாலு குட்டிகளும் நினைவுக்கு வந்தன. கவசத்தோடு பேசினால் அவருக்கு விளங்காது என்று அதைத் தாடைக்கு இறக்கினாள்.

“திரும்பி நில்லுங்க! முகத்தை அந்தப் பக்கம் வைங்க! வாயை மூடுங்க! மூச்சுக்கூட இந்தப் பக்கம் விடக் கூடாது!”

தொண்டை கிழியக் கத்தியதில் இருமல் வந்தது. நாலைந்து தடவை இருமினாள்.

யோரிஸ் திரும்பினார். வகுப்பில் தண்டனை வாங்கிய பையனைப் போல இரு கையாலும் கவசத்தை அமுக்கிக்கொண்டு, கோரைப் புல்லைப் பார்த்தபடி நின்றார். முதுகுக்குப் பின்னால் பழம் மெல்லுகிற சத்தம். குட்டி ஒன்று கிளுகிளுவென்று சிரித்தது. இருபது நிமிஷம். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

சாயங்காலம் முகாமுக்கு வந்தபோது, பேச வேண்டியதையெல்லாம் பசேமேரா மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். வேலை போனால் போகட்டும், நியாயத்தைக் கேட்காமல் விடுவதில்லை. ஆனால் ருவாகைகாரா இரு கையும் விரித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

“அடியேரி! வாம்மா, அடியேரி!”

பாசப்பெயர் திரும்பி வந்திருந்தது. விருந்தாளிகள் குறிப்பேட்டில் யோரிஸ் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார்: ‘இந்தக் காட்டை என்னிடமிருந்துகூடக் காப்பாற்றிய பெண்.’ மேஜைமேல் நிரந்தரக் கடிதம், கையெழுத்தின் மை காயாமல்.

“உன்னைத் திட்டிட்டேன், மனசுல வச்சுக்காதே. நாளைக்குக் காலைல சிம்பன்சிக் குழு உன்னோடது. பதிவேட்டுல இன்னிக்குக் கணக்கை மட்டும் எழுதிட்டுப் போ.”

பசேமேரா முதல்முறையாகச் சிரிக்கப் பார்த்தாள்.

“இதைப் பாரு,” என்று நியாங்கோமா கேமராவை நீட்டினாள். “நான் எடுத்ததுல இது ஒண்ணுதான் உருப்படி. எல்லாரும் இருக்காங்க, என் விரலைத் தவிர.”

அத்தி மரம். ஓரத்தில் யோரிஸின் அகன்ற முதுகு. நடுவில் தாய். அதன் வயிற்றோடு ஒட்டியபடி குட்டி, அண்ணாந்து, கண்ணை விரித்து. அது பார்த்த திசையில் பசேமேரா, கவசம் தாடையில்.

அவள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். வெளியே யோரிஸ் பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரை ஏறிட்டுப் பார்க்க அவளால் முடியவில்லை.

“மன்னிச்சிருங்க, அப்பூலி,” என்றாள் ஜன்னல் வழியாக.

“எதுக்கும்மா? எனக்குச் சத்தம் கேட்டுச்சே. அது போதும்.”

பதிவேட்டை இழுத்தாள். நிற்காமல் எழுதினாள். மூடினாள். கடிதத்தை எடுத்து மடித்து, ருவாகைகாராவின் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

“என்னம்மா இது? எங்க போறே?”

அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். முற்றத்தைத் தாண்டினாள். பின்னால் ருவாகைகாரா கண்ணாடியைத் தேடுகிற சத்தம், பிறகு நியாங்கோமாவை அவள் பாசப்பெயரால், “ஏய் அப்வோலி, என்னத்த எழுதியிருக்கா, படி!”

நியாங்கோமா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் ஒவ்வொரு சொல்லும் வாசல்வரை தெளிவாகக் கேட்டது. பசேமேரா நடையை நிறுத்தவில்லை.

“‘திருப்பி... அனுப்பியிருக்க... வேண்டியவர்: பசேமேரா அடியேரி. நாலு நாளாகச் சளி. சதுப்பு அத்தி மரத்துத் தாயையும் குட்டியையும் நாளையிலிருந்து மருத்துவர் கவனிக்கவும். என்னை யாரும் மூக்கைச் சிந்திக் காட்டச் சொல்லவில்லை.’”