பதினேழாம் எண் மாணவி நன்றாகப் படிக்கிறாள்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? இங்கே நான் சௌக்கியம். கடிதத்தில் அப்படி எழுதுவதுதான் வழக்கம் என்பதால் எழுதினேன். அடுத்த வரியிலிருந்து உண்மை.

நீங்கள் யார் யாரிடமோ சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை இன்னும் ஒரு வாரத்தில் போய்விடும். அதற்கு வேண்டிய ஏற்பாட்டை நானே செய்துவிட்டேன். அப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாளெல்லாம் ஏணியில் நின்று சுவருக்கு வண்ணம் அடிக்கிற மனிதர், தரையில் நிற்கும்போது பார்த்துச் சொல்லுங்கள். "என் பொண்ணு இன்ஜினியரிங் காலேஜ்ல ஆபீசர்" என்று அவர் சொல்லாத வீடு அந்தத் தெருவில் இல்லை. நான் ஆபீசர் இல்லை மாமா. மாடிப்படிக்குக் கீழே உள்ள ஓர் அறையில், நன்கொடையாளர் தொடர்புப் பிரிவு என்று பலகை மாட்டிய இடத்தில், மற்றவர்களுக்காக நன்றி சொல்கிறவள். என் வேலை அவ்வளவுதான். உலகத்தில் இதற்கும் சம்பளம் உண்டு என்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் கல்லூரிக்கு உதவுகிறவர்களில் பெரியவர் ஓர் அம்மா. பிளாஸ்டிக் தண்ணீர்த்தொட்டி செய்யும் தொழிற்சாலை வைத்திருக்கிறார். எங்கள் மொட்டைமாடிகளில் நிற்கும் அத்தனை தொட்டியும் அவருடையதுதான், அதனால் கல்லூரியில் எல்லோரும் தொட்டி அம்மா என்றே சொல்வார்கள், அவர் வருகிற அன்று மட்டும் மேடம். அவர் இருபது மாணவிகளின் கட்டணத்தை ஏற்றிருக்கிறார். ஒரே நிபந்தனை, ஒவ்வொருத்தியும் செமஸ்டருக்கு ஒரு கடிதம், தன் கையால், எழுத வேண்டும். பொறியியல் பிள்ளைகளிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் மாமா, கடிதம் மட்டும் கேட்கக்கூடாது. "மேடம், கட்டணம் வந்தது, நன்றி, இப்படிக்கு" என்று ஒருத்தி. இன்னொருத்தி தன் மதிப்பெண்ணை வரைபடமாகப் போட்டுக் கீழே அம்புக்குறி வரைந்திருந்தாள். எங்கள் பிரிவுத் தலைவருக்குச் சிவப்பு மை இல்லாமல் கை ஓடாது. நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் கடிதக் கட்டை என் மேசையில் வைத்து, "ஏம்மா, நீ இலக்கியம்தானே படிச்சே? இதுக்கெல்லாம் கொஞ்சம் உயிர் குடு" என்றார். குடுத்தேன். இருபது கடிதமும் நானே எழுதினேன், பிள்ளைகள் வந்து தங்கள் கையால் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பத்தொன்பது பேர் வந்தார்கள். பட்டியலில் பதினேழாம் எண் மாணவி மட்டும் வரவில்லை.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது மிகச் சின்ன வேலை. இரண்டாம் மாடிக்குப் போய், அவளுடைய வகுப்பு வாசலில் நின்று, அவள் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். அறுபது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பாவம், அவளும் என்னைப் போலக் கூச்சப்படுகிறவள் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டி, அவள் கடிதத்தை நானே எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். அடுத்த செமஸ்டரும் அவள் வரவில்லை. அடுத்ததும் அப்படித்தான். யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடம், நான்கு கடிதம்.

மற்ற பத்தொன்பது பேரும் வந்து, "அக்கா, எங்கப்பா அப்படி இல்லக்கா", "நான் அந்தப் பேப்பர்ல பெயில்க்கா" என்று திருத்துவார்கள். பதினேழு எதையும் மறுக்கவில்லை. அதனால் அவள் வளர்ந்துகொண்டே போனாள். முதல் கடிதத்தில் வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்டாள். இரண்டாவதில் ஆசிரியர் கணக்கைத் தவறாகப் போட்டபோது எழுந்து நின்று சொன்னாள், அவரும் அழித்துவிட்டுச் சரியாகப் போட்டார். மூன்றாவதில் தொட்டி அம்மாவின் தொட்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று மொட்டைமாடி ஏணியில் ஏறினாள். நான் எதையெல்லாம் செய்யப் பயந்தேனோ அதையெல்லாம் அவள் செய்தாள், முதல் வகுப்பிலும் தேறினாள். மற்றவர்களுக்கு அச்சடித்த வாழ்த்து அட்டைதான் வந்தது. பதினேழுக்கு மட்டும் தொட்டி அம்மா தன் கையால் பதில் போட ஆரம்பித்தார். "ஏணியில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு" என்று ஒரு கடிதம் முழுக்க அறிவுரை. மறைக்காமல் சொல்கிறேன் மாமா, அந்தக் கடிதம் என் பெட்டியில்தான் இருக்கிறது.

நான்காவது கடிதத்தில்தான் கெட்டது. ஆய்வகத்து நீரேற்றும் பம்பு பழையதாக இருக்கிறது என்று ஒரு வரி, பக்கம் நிரம்பவில்லையே என்று போட்டேன். அந்த அம்மா ஒரு முழு ஆய்வகமே கட்டிக் கொடுத்துவிட்டார். புது பம்பு, கண்ணாடிக் குழாய், சுவர் நெடுகத் தண்ணீர் ஓடுவதற்கான நீண்ட தொட்டி, எல்லாம் வந்தன. தண்ணீர் இணைப்புக்கு மட்டும் அனுமதி வரவில்லை. தலைவர், "திறப்பு விழாவுக்குத் தண்ணி எதுக்கு, ரிப்பன் இருந்தா போதாதா" என்றார். கடைசியில் எங்கள் பிரிவின் தபால்கார அண்ணன் கழிப்பறையிலிருந்து நாற்பது வாளி சுமந்து வந்து ஊற்றினார். ஊருக்கெல்லாம் தண்ணீர்த்தொட்டி கொடுக்கிற அம்மாவின் ஆய்வகத்தில் தண்ணீர் வாளியில்தான் வந்தது.

விழாவுக்கு முதல் நாள் தொட்டி அம்மாவிடமிருந்து தொலைபேசி, அந்தப் பதினேழாம் எண் பெண்ணைப் பார்க்க வேண்டுமாம். அன்றுதான் இரண்டாம் மாடிக்குப் போனேன். அறுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "அவளாக்கா? அவ ரெண்டாவது செமஸ்டரோட நின்னுட்டாளே" என்றாள். "அக்கா, வேற ஏதாவது கேக்கணுமா?" என்றாள்.

தலைவரிடம் ஓடினேன். அவர் பதறவே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கும் வயசு அதிகமில்ல. கடுதாசியில என்ன இருக்குன்னும் உனக்குத்தான் தெரியும். அவளா ஒரு பத்து நிமிஷம் நில்லு" என்றார். யார் என்ன சொன்னாலும் தலையாட்டு என்று நீங்கள் வேலைக்கு அனுப்பும்போது சொன்னீர்களே, தலையாட்டிவிட்டேன். விழாவன்று யாரோ ஒரு பையனின் ஆய்வக அங்கியை மாட்டிவிட்டார்கள், கை என் விரலைத் தாண்டித் தொங்கியது. தொட்டி அம்மா வந்தார். பெரிய கார், சின்ன உருவம், நரைத்த தலை. ரிப்பனை வெட்டியதும் நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஏணியில ஏறினியே, பயமா இல்லியா கண்ணு?" தலையாட்டினேன், அது ஆமாமா இல்லையா என்று எனக்கே தெரியாது. "எழுத்துல அவ்ளோ பேசற, நேர்ல வாயத் தொறக்க மாட்டேங்கற. நான் எட்டாவதோட நின்னவ. நீ முடிச்சிடு கண்ணு, எனக்கு அது போதும்" என்றார். அவர் போன பிறகும் என் கை கொஞ்ச நேரம் அங்கி நுனிக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் முகவரி தேடிப் போனேன். தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் விற்கும் கடை ஒன்றில் பில் போடுகிறாள். நான் எழுதி எழுதி வளர்த்த பெண் எப்படியும் என்னைவிட உயரமாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் வருகிறாள். "பதினேழாம் எண் மாணவி நீங்கதானே" என்று உளறினேன். "எனக்குப் பேர் இருக்குக்கா" என்றாள். தெரியும், நான்கு தடவை அதைக் கையெழுத்துப் போட்டவளே நான்தான். அவளுடைய அம்மா வேலை செய்த இடத்தில் விழுந்து இடுப்பு உடைந்து படுத்துவிட்டார். கல்லூரிக் கட்டணத்தைத் தொட்டி அம்மா கட்டினார், ஆனால் அம்மாவைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டுக்குச் சம்பாதிக்கவும் இவள் ஒருத்திதான். "படிப்ப நிறுத்திக்கிறேன்னு உங்க ஆபீஸ்ல லெட்டர் குடுத்துட்டுத்தான்க்கா வந்தேன்" என்றாள். திரும்பி வந்து தேடினேன். இருந்தது. தலைவர் மேசையில், திருத்த வேண்டியவை என்ற தட்டில், அடியிலிருந்து மூன்றாவதாக. இரண்டு இடத்தில் சந்திப்பிழை திருத்தியிருந்தார்.

கடிதங்களின் நகலைக் காட்டினேன். மதிய இடைவேளையில், கடைக்குப் பின்னால் அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகள்மேல் உட்கார்ந்து நான்கையும் படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நான் இவ்ளோ நல்லாப் படிச்சேனாக்கா?" என்று கேட்டாள். இரண்டாவது கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்து, "அந்த சார் நிஜமாவே அழிச்சிட்டுத் திருப்பிப் போட்டாரா?" என்றாள். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவளுடைய அம்மா இப்போது எழுந்து நடமாடுகிறாராம். இவளுக்குத் திரும்பிப் படிக்க வேண்டும். நின்றவர்கள் இரண்டு வருடத்துக்குள் மறுபடி சேரலாம் என்று விதி இருக்கிறது, அதற்குக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. படிவத்தில் உதவித்தொகை எந்தத் தேதியில் நின்றது, மறுபடி தரப்படுமா என்று எங்கள் பிரிவோ, கொடுப்பவரோ எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"எந்தத் தேதியில நின்னுச்சு?"

"நிக்கவே இல்ல சார்."

"அப்புறம்? நம்ம பைலைப் பாரு. பதினேழு ஆறாவது செமஸ்டர் படிக்குது, முதல் வகுப்பு. போகாதவ எப்படிம்மா திரும்பி வருவா?"

"சார், அவ வெளியில நிக்கிறா சார்."

"அதுக்கு நான் என்ன பண்றது? அவ நிக்கிறது பைல்ல இல்லையே. மேடத்துக்குத் தெரிஞ்சா மத்த பத்தொன்பதுக்கும் நிறுத்திடுவாங்க. அந்தப் பாவம் உனக்கு வேணுமா?"

அவர் கெட்டவர் இல்லை மாமா, பத்தொன்பது பேரை எண்ணித்தான் சொன்னார். ஆனால் அவள் உள்ளே வருவதற்கு இருந்த ஒரே கதவை என் நான்கு கடிதமும் சேர்ந்து பூட்டிவிட்டன. அவளுக்காக நான் ஒன்றுமே எழுதாமல் இருந்திருந்தால், வெறும் நின்றுபோனவளாக இருந்து, சுலபமாகத் திரும்பி வந்திருப்பாள்.

ஆகவே நேற்று உட்கார்ந்து, தொட்டி அம்மாவுக்கு என் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். ஒன்றையும் மறைக்கவில்லை, அங்கியைக்கூட எழுதினேன். பத்தொன்பது பேரை இதற்காகத் தண்டிக்க வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள் இவள் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இன்று காலை தபால்கார அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். உள்ளூர்த் தபால்தான், நாளை கிடைத்துவிடும். இனி திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் எனக்காகப் பேசி வைத்த மரியாதை போயிற்று, மன்னியுங்கள். திருடியதற்காக என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை என்று மட்டும் அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் இருவர் ஆசியும் எப்போதும் என்மேல் இருக்கட்டும், இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும்.

உங்கள் அன்புள்ள,
அக்கா மகள்

பின்குறிப்பு: அப்பாவிடம் எதையும் சொல்ல வேண்டாம், மாமா. மேலே கடைசியாக எழுதியது மட்டும் நடக்கவில்லை. உங்களுக்கான இந்தக் கடிதத்தை ஒட்டப் போகும்போது பார்த்தால், தொட்டி அம்மாவுக்கு நான் எழுதியது என் மேசைக்கே திரும்பி வந்திருக்கிறது. "அந்த அம்மா அட்ரஸ் போட்ட கவரு எதுவானாலும் முதல்ல சார் டேபிளுக்குத்தானேம்மா போகும்?" என்றார் தபால்கார அண்ணன். இரண்டு வருடமாக நானே கடைப்பிடித்த விதி. நான்கு பக்கத்திலும் சிவப்பு மை. "உருக்கம் நன்று. நீளம் அதிகம். பொய் என்ற சொல் ஏழு முறை வருகிறது, இரண்டு போதும். சம்பவத்தை மாற்றி, ஆண்டு இறுதி நன்றிக் கடிதமாக அனுப்பலாம்." புரியாமல் எழுதினாரா, நன்றாகப் புரிந்துகொண்டு எழுதினாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இன்று வியாழக்கிழமை. இதை எழுதுவது தொட்டித் தொழிற்சாலையின் வாசல் பெஞ்சில். பக்கத்தில் அவள் இருக்கிறாள், கடையில் அரைநாள் விடுப்பு, மடியில் படிவம். காவலாளி பதிவேட்டை நீட்டினார். வந்த காரணம் என்ற கட்டத்தில் எனக்குப் பேனா ஓடவில்லை. "காரணம் போடாம உள்ள விட முடியாதும்மா" என்றார். அவள் பேனாவை வாங்கி, படிப்பை விட்டுவிட்டேன் என்று சொல்ல, என்று எழுதினாள். காவலாளி அதை ஒருமுறை சத்தமாகப் படித்தார்.

"இதைச் சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஆமாங்க. நான் எழுதினதெல்லாம் பொய்யின்னு சொல்லவும்தான்" என்றேன். தெருவில் போனவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே வரச் சொல்லிவிட்டார்களாம், கூப்பிடுகிறார்கள்.