அரியர்ஸ் அண்ணாச்சியின் மத்தியானச் சாப்பாடு

நெப்போலியனைப் பற்றி எங்கள் அரியர்ஸ் அண்ணாச்சிக்குத் தெரிந்த அளவு நெப்போலியனுக்கே தெரிந்திருக்காது. எந்தப் போரில் எந்தக் குதிரை மேல் உட்கார்ந்திருந்தான், அன்றைக்குக் காலையில் அவனுக்கு வயிறு எப்படி இருந்தது என்பது வரை சொல்வார். சிவகிரி பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இடம் கிடைத்தவர்கள், நெப்போலியன் தீவிலிருந்து தப்புவதற்குள் தாங்கள் தப்பித்து இறங்கிவிடப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் பி.ஏ.யில் ஐரோப்பிய வரலாறு என்ற ஒரே ஒரு பேப்பரில் ஒன்பது வருடத்துக்குள் பதினெட்டு தடவை பெயில் ஆனார். ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று, வருடம் தவறியதில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஹால் டிக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும்.

சங்கரன்கோவிலில் நாங்கள் படித்த காலத்தில் கல்லூரி ஊருக்கு வெளியே இருந்தது. விடுதி கிடையாது. குருவிகுளம், பனவடலிசத்திரம், சிவகிரிப் பக்கத்துப் பையன்கள் தங்கிப் படிக்கட்டும் என்று, மிளகாய் வியாபாரத்தில் முன்னுக்கு வந்த ஒரு புண்ணியவான் தன் பழைய வீட்டை மாணவர் இல்லமாக எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். பக்கத்துத் தறிகளின் சத்தத்துக்கு நடுவே பன்னிரண்டு பேர் அங்கே படித்தோம், அதாவது படிப்பதாக வீட்டுக்குக் கடிதம் எழுதினோம்.

இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேருகிறவன் பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டு ஒன்று கொண்டுவர வேண்டும். படிப்பு முடிந்து போகிற அன்றைக்கு எல்லாருக்கும் அவனே பரிமாறிவிட்டு, தட்டின் நடுவில் ஓட்டை போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஓட்டைத் தட்டில் ரசம் நிற்காது. படிப்பு முடிந்தவனுக்கு அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வாய் சோறு கிடையாது. அத்தனை விதிகளையும் கரைத்துக் குடித்தவர் எங்கள் செயலாளரான அண்ணாச்சி. பழைய மாணவர் யாராவது தாகமாக வந்தால்கூட, "படிப்பு முடிஞ்சவன் உள்ள கை நனைக்கக் கூடாதுலா," என்று சொல்லி, செம்பை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து கொடுப்பார்.

அந்த இல்லம் மூடப்பட்டதற்குக் காரணம் ஓர் ஆடு. அது என் அத்தையுடைய ஆடு. இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அத்தை குடும்பம் பத்தொன்பது பேராக வந்து இறங்கியது. ஊரில் கால் வைக்க இடமில்லை. வெளியாட்களை இல்லத்தில் தங்கவிடக் கூடாது என்பது விதி. நான் அண்ணாச்சி முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். விதியைக் கட்டிக்கொண்டு அழுகிற அந்த மனிதர், கோயிலுக்கு வந்தவர்களைத் தெருவிலா நிறுத்துவது என்று என்னையே ஏசிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். வரும் வழியில் மலிவாகக் கிடைத்தது என்று அத்தை வாங்கி வந்திருந்த ஆட்டைப் படிப்பறை ஜன்னலில் கட்டினோம்.

மறுநாள் காலையில் இல்லத்தை எழுதி வைத்தவரின் பேரன் எட்டிப் பார்த்தார். மிளகாய் மண்டி முதலாளியான அவர்தான் எங்கள் நிர்வாகி. கூடத்தில் என் மாமா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கிணற்றடியில் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். படிப்பறையில் ஆடு எங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் பாதியைத் தின்று முடித்துவிட்டு, மீதியை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆடு யாருடையது என்று முதலாளி கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"என் ஆடுதான் மொதலாளி," என்றார் அண்ணாச்சி.

ஒரு மாதத்துக்குள் மராமத்து என்று சொல்லி முதலாளி வீட்டைப் பூட்டினார். நாங்கள் ஆளுக்கொரு மூலையில் அறை பார்த்துக்கொண்டு போனோம். மராமத்துக்குக் கொத்தனார் வரவில்லை, மிளகாய் மூட்டைதான் வந்தது.

அண்ணாச்சியின் கிறுக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அடுத்த ஏப்ரலில் மற்ற எல்லாப் பேப்பரையும் முடித்தவர் ஐரோப்பாவில் மாட்டிக்கொண்டார். பத்திர ஆபீஸுக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் நகல் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். தினமும் மத்தியானம் ஒரு மணிக்குத் தூக்குவாளியோடு மூடிக் கிடந்த இல்லத்துக்குப் போய், பின்வாசல் வழியாக நுழைந்து, பேர் வெட்டிய தன் தட்டில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவார். பின்வாசல் சாவியை முதலாளியே கொடுத்திருந்தார். மூட்டைக்குச் சம்பளமில்லாத காவல் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. மிளகாய் நெடியில் அண்ணாச்சி ஒரு கவளத்துக்கு இரண்டு தும்மல் போடுவார். அந்தத் தும்மலை வைத்துத் தெருவே கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொண்டது.

பனவடலிசத்திரத்தில் அவருக்குப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று பெண்ணின் அப்பா கேட்டார். படித்துக்கொண்டிருக்கிறார் என்று தரகர் சொன்னார். மாப்பிள்ளைக்கு அப்போது முப்பது வயது. பஜ்ஜி வருவதற்கு முன்னாலேயே எல்லோரும் எழுந்து வரவேண்டியதாயிற்று. தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை வந்தபோதும் பட்டம் கேட்டார்கள். அந்த வேலைக்கு நான் போனேன். எனக்கு ஐரோப்பிய வரலாறு சொல்லிக்கொடுத்து முதல் வகுப்பு வாங்க வைத்தவர் அவர்தான் என்பதால், ஒருநாள் மனசு கேட்காமல் காரணம் கேட்டேன்.

"பேனா தகராறு பண்ணுதுலே," என்றார்.

அடுத்த தடவைக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து நல்ல பேனாவாக ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அப்போதும் பெயில். பரீட்சை ஹாலில் அவர் மூன்று மணி நேரமும் கையைக் கட்டிக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பதாகவும், விடைத்தாளில் நம்பரைத் தவிர ஒன்றும் எழுதுவதில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். நெப்போலியன் மண்டைக்குள் ஏறிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்படியே ஒன்பது வருடம் ஓடிய பிறகு, குருவிகுளத்தில் வாத்தியாராக இருந்த என் பழைய அறைத்தோழன் சண்முகவேல், தன் அக்கா மகனைக் கல்லூரியில் சேர்க்க வந்தான். பையன் தங்க இடம் தேடி இரண்டு நாள் அலைந்துவிட்டு, மூன்றாம் நாள் என் மேசை முன்னால் வந்து குதித்தான். நமக்கு ஒரு வீடு இருந்ததே, அதை மறுபடி திறந்தால் என்ன என்றான். ஆட்டை நினைத்து எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பழைய மாணவர்களுக்கெல்லாம் கார்டு போட்டோம். "நம் இல்லத்தை மீட்போம்" என்று நான் எழுதிய கார்டைப் படித்துவிட்டு ரத்தம் கொதித்ததாகப் பதினாறு பேர் பதில் எழுதினார்கள். கொதிக்கிற ரத்தத்தோடு நேரில் வந்து சேர்ந்தவர்கள் ஆறு பேர். ஏழாவதாக அண்ணாச்சி வந்தார். நாங்கள் கார்டு போடாமலே வந்தார்.

முதலாளி எங்களை இல்லத்துக் கூடத்திலேயே, மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்தார். படிப்பு முடிந்ததும் ஓட்டை போட்டு அண்ணாச்சியிடம் கொடுத்தனுப்பிய எங்கள் தட்டுகள் சுவரில் தூசி பிடித்துத் தொங்கின. நாங்கள் தும்மிக்கொண்டே எங்கள் நியாயத்தைச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே தாத்தா எழுதிய பத்திரத்தைச் சண்முகவேல் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். மாணாக்கர் ஒருவராவது இவ்வீட்டில் உண்டு படித்து வரும் காலம் வரையில் இது மாணாக்கர் இல்லமாகவே நடந்து வரவேண்டியது, தொடர்ச்சியாய் ஓராண்டு காலம் மாணாக்கர் எவரும் இல்லாது போனால் என் வாரிசுகள் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று அதில் இருந்தது. ஓராண்டு அல்ல, ஒன்பது ஆண்டு ஆகிவிட்டது என்றார் முதலாளி. சண்முகவேலுக்குக் குரல் இறங்கிவிட்டது. நான் என் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி எழுந்தார். மணி ஒன்று ஆகிவிட்டது, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இல்லமே போகிறது, இந்த மனுஷனுக்குச் சோறு ஒரு கேடா என்று இருந்தது. உள்ளேயிருந்து தும்மல் கேட்டது. முதலாளி எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

கழுவிய தட்டோடும் ஒரு மஞ்சள் பையோடும் அண்ணாச்சி திரும்பி வந்தார். பையிலிருந்து பதினெட்டு ஹால் டிக்கெட்டுகளை எடுத்து முதலாளி முன்னால் வரிசையாக அடுக்கினார். அதன் மேல் எங்கள் சேர்க்கைப் பதிவேட்டை வைத்தார். ஆடு தின்று மிச்சம் விட்ட பாதியில் அவர் பெயர் பத்திரமாக இருந்தது.

"ஓராண்டு தொடர்ச்சியா யாரும் இல்லாமப் போனாத்தானே மொதலாளி? நான் இருந்தேன்லா," என்றார்.

முதலாளி பதிவேட்டை எடுத்து அந்தப் பெயரைப் பார்த்தார். "அப்ப, வேணும்னே பெயிலானீரா வே?"

"பாஸாயிட்டா படிப்பு முடிஞ்சிரும். முடிஞ்சா வீடு ஒங்களுக்குப் போயிரும். செயலாளரா இருந்தப்பவே இந்தப் பத்திரத்தை நகலெடுத்தவன் நான்தானே. தினம் இங்கன வந்து சாப்பிடுதேன்னு தெருவே சாட்சி சொல்லும். சாவியும் நீங்க தந்ததுதான்."

முதலாளி ஹால் டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். போட்டோவில் அண்ணாச்சிக்கு வருடத்துக்கு வருடம் முடி குறைந்துகொண்டே வந்தது. கடைசி டிக்கெட்டைப் பார்த்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். என் தாத்தா உம்மை மாதிரி ஒருத்தனுக்காகத்தான் எழுதி வச்சிருக்காரு என்று சொல்லிவிட்டு, முன்வாசல் சாவியை எடுத்து அண்ணாச்சியின் தட்டில் போட்டார். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். கேட்டவர்களிடம் மிளகாய் நெடி என்று சொன்னேன்.

மூட்டைகள் போய், வெள்ளையடித்து, அந்த ஆனி மாதமே எட்டுப் பையன்கள் தட்டோடு வந்து சேர்ந்தார்கள். இல்லத்துக்கு மாணவர்கள் கிடைத்துவிட்டார்கள், இனி நீங்கள் பாஸாகலாம் என்று அண்ணாச்சியை நாங்கள் பிடித்துக்கொண்டோம். பாஸானால் வேலை வரும், பெண் வரும் என்று அடுக்கினோம். சரி என்று தலையாட்டினார். ஆனால் அன்றிலிருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் தட்டை ஒருமுறை துடைத்துப் பார்த்துக்கொள்வார். பாஸானால் அதில் ஓட்டை விழும். விதியை மாற்றிவிடலாமே என்று சண்முகவேல் சொன்னதற்கு அவர் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அக்டோபரில் பரீட்சை எழுதப் போனார். அவர் அடிஷனல் ஷீட் கேட்டதும் கண்காணிப்பாளர் நம்பாமல் இன்னொரு முறை கேட்கச் சொன்னாராம். பத்தொன்பதாவது தடவை அண்ணாச்சி பேனாவைத் திறந்திருக்கிறார் என்று பதினொரு மணிக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நான் ஆணியும் சுத்தியலுமாக இல்லத்துக்குப் போய், எங்கள் தட்டுகளுக்கெல்லாம் மேலே, கூடத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் அவருக்காக ஓர் ஆணி அடித்து வைத்தேன். அடித்துவிட்டுப் பார்க்கும்போது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ரிசல்ட் வந்தது. பத்தொன்பது மார்க். பெயில்.

ஓடிப் போய்க் கேட்டேன். ஐந்து கேள்விக்கு விடை எழுத வேண்டிய பேப்பர். நெப்போலியன் ரஷ்யாவின் மேல் படையெடுத்ததை முதல் கேள்வியாகக் கேட்டிருக்கிறார்கள். ஒன்பது வருடமாகப் பரீட்சை ஹாலில் கையைக் கட்டி வைத்திருந்த மனிதர், எடுத்த எடுப்பில் அதை எழுத ஆரம்பித்துவிட்டார்.

"மாஸ்கோவுக்கு இன்னும் நாலு மைல்தான் இருந்துச்சு," என்றார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "அதுக்குள்ள மணி அடிச்சிட்டான்."

மற்ற நான்கு கேள்விகளையும் அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. பையன்கள் எட்டுப் பேரும் அடுப்பைப் பற்றவைத்துப் பாயசம் போட்டார்கள். படிப்பு முடிந்த எங்களுக்கு விதிப்படி வாசலுக்கு வெளியே கொண்டுவந்து கொடுத்தார் அண்ணாச்சி. உள்ளே போய்த் தன் தட்டில் ஊற்றிக் கடைசிச் சொட்டு வரை வழித்துக் குடித்தார். பாயசம் குடித்த கையோடு நான் உள்ளே நுழைந்து, சுவரில் அடித்து வைத்திருந்த ஆணியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு மனிதர் பெயிலானதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.