ரேடியேட்டருக்குள் ஒரு எலுமிச்சம்பழம்

"எலுமிச்சம்பழமா?"

உதயகுமார் போட்ட கூச்சலில் லேத் மெஷின் ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் செல்போனைப் பொத்திக்கொண்டு கம்பெனி வாசலுக்கு ஓடினார்.

"ஆமா சார். எலுமிச்சம்பழம் ஒண்ணு, பச்சை மிளகாய் கொஞ்சம், கயிறு. ரேடியேட்டர் ஃபேன்ல சுத்திக்கிட்டு ஃபேன் நின்னிருக்கு. இன்ஜின் சூடாகி, உள்ள இறுகி சீஸ் ஆயிடுச்சு. அந்நியப் பொருளால வர்ற பழுதுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி செல்லாது சார். உங்க கிளெயிம் ரிஜெக்ட் ஆயிடுச்சு. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

பேசியது பூந்தமல்லி பழைய கார் ஷோரூமின் கஸ்டமர் கேர் கிருஷ்ணப்பிரியா. இழவுச் செய்தியைக்கூட வளைகாப்பு அழைப்பு மாதிரி சொல்லக்கூடிய குரல்.

"ஏம்மா, அது நான் கட்டின பழமே இல்ல! எனக்குத் திருஷ்டி, காத்து, கருப்பு எதுலயும் நம்பிக்கை கிடையாது. வண்டி வாங்கின அன்னிக்குப் பூசணிக்காகூட உடைக்காத ஆளு நான்!"

"அப்ப யாரோ வெளியாள் கட்டியிருக்காங்க சார். அது வாரண்டியில வராது. இன்ஷூரன்ஸ்ல கேட்டுப் பாருங்க. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும் சார்."

அந்த நாள் அப்படி அமையவில்லை. கிளெயிம் செத்துப்போன காரை அன்று மாலையே சேக்காட்டில் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். காரைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தாள் அவர் மனைவி வரலட்சுமி.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அவளுடைய ஸ்கூட்டியை விற்றுத்தான் காருக்கு முன்பணம் கட்டினார் உதயகுமார். "பழைய காரு ரிப்பேர் ஆனா இன்னா பண்ணுவீங்க?" என்று அவள் அன்றைக்கே கேட்டாள். "எக்ஸ்டெண்டட் வாரண்டி கீதுல்ல!" என்று விளம்பரத்தில் வருகிறவர் மாதிரி சிரித்தார். இப்போது அவள் அம்பத்தூர் துணிக்கடை வேலைக்கு ஷேர் ஆட்டோவில், யாரோ ஒருவருடைய காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு போகிறாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். வாரண்டி வரலன்னா இந்தக் காரு காயலான் கடைக்கு. என் ஸ்கூட்டி ஊட்டுக்கு."

"வரும் வரலட்சுமி. அந்த எலுமிச்சம்பழத்தை எவன் வெச்சான்னு மட்டும் தெரியட்டும், அவனை…"

"குக்கர் விசில் வந்துடுச்சு," என்று அவள் சட்டென்று உள்ளே போனாள். அடுப்பில் குக்கரே இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

இன்ஷூரன்ஸ்காரர்கள் போலீஸ் புகார் இல்லாமல் பேசவே மாட்டோம் என்றார்கள். ஸ்டேஷனுக்குப் போனார்.

"யார் மேல சந்தேகம்?" என்றார் ஏட்டு.

"யார் மேலயும் இல்லைங்க."

"சந்தேகமே இல்லாம எதுக்குய்யா கம்ப்ளைன்ட்? ஒரு பேரைச் சொல்லு. வண்டியைப் பாத்துக் கண்ணு வெச்சவன் எவனாவது இருப்பான்ல?"

உதயகுமார் யோசித்தார். கார் வந்த அன்று எதிர்வீட்டு டில்லிபாபு பானெட்டைத் தடவிக்கொடுத்து, "சோக்கா கீது மாமே!" என்றது நினைவுக்கு வந்தது. அதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். ஏட்டு சும்மா இல்லாமல் எழுதிக்கொண்டார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கார் படுத்ததிலிருந்து உதயகுமாரைத் தினமும் பைக்கில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் கொண்டுபோய் விடுவதே டில்லிபாபுதான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பைக் ஹாரன் கேட்கவில்லை. டில்லிபாபு மட்டும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னா மாமே, உன் வண்டிக்கு நான் செய்வினை வெச்சேன்னு எய்திக் குட்த்துக்கீறியாமே? ஸ்டேசன்ல குந்த வெச்சிட்டாங்கோ. பெஞ்சுகூட இல்ல மாமே, தரையில!"

"செய்வினைன்னு நான் சொல்லவே இல்ல டில்லி. எலுமிச்சம்பழம்னுதான்…"

"எலுமிச்சம்பயம் பின்ன இன்னாத்துக்கு, ஜூஸ் போடவா வெப்பாங்கோ?"

மதியத்துக்குள் தெரு முழுக்கச் 'செய்வினைக் கார்' என்று பேராகிவிட்டது. தண்ணீர் கேன் போடுகிறவர் கேனைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போனார். காருக்கு அடியில் படுக்கும் தெருநாய்கூட ஜாகையை மாற்றிக்கொண்டது. உதயகுமார் ஷேர் ஆட்டோவில், மனைவிக்குப் பக்கத்தில், இன்னொரு காய்கறிப் பையோடு வேலைக்குப் போனார்.

வேறு வழியில்லாமல் கிருஷ்ணப்பிரியாவிடமே கெஞ்சினார்.

"கண்டிப்பா சார். ஞாயித்துக்கிழமை காலையில எங்க கிளெயிம் மேனேஜர் ரவிச்சந்திரன் சாரே நேர்ல வந்து மறுபடி பார்ப்பார் சார். உங்களுக்குத் திருஷ்டிப் பழம் கட்டுற பழக்கமே இல்லைன்னு அவர் நம்பினா, வெளியாள் கட்டியிருந்தாலும் அவரே பாஸ் பண்ணிடுவார் சார்."

ஞாயிற்றுக்கிழமை காலை உதயகுமார் காரைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்தார். குளித்துவிட்டு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். கண்ணாடி முழுக்கக் குங்குமத் தண்ணீர். கையில் பூசணிக்காயோடு பூசாரி வேம்புலி. பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடு டில்லிபாபு.

"தெருவுல ஒர்த்தரும் எங்கூடப் பேச மாட்றாங்கோ மாமே. இன்னிக்கு உன் வண்டி மேல கற்பூரம் அட்ச்சி சத்தியம் பண்றேன்."

"ஐயோ, கம்பெனியிலிருந்து ஆள் வர்ற நேரம்! பூசாரி, முதல்ல பழத்தை எடுங்க!"

"பயத்த எட்த்தா ரத்தம் கக்கும் நைனா."

"யாரு?"

"வண்டி," என்று வேம்புலி பூசணிக்காயை ஓங்கித் தரையில் அடித்தார்.

அது சிதறியது, அப்போதுதான் வந்து நின்ற ரவிச்சந்திரனின் புது ஷூவின் மேல். ஒரு விதை அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

ஷூவைப் பார்த்தார், சக்கரங்களைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார். "எதுலயும் நம்பிக்கை இல்லாத உதயகுமார் நீங்கதானா?" என்றார்.

"சார், இது நான் வெச்சது இல்ல சார்!"

"இதுவும் வெளியாளா?"

டில்லிபாபு யாருக்கும் காத்திருக்கவில்லை. பானெட்டின் மேல் கற்பூரத்தை ஏற்றி, "நான் வெக்கல!" என்று படாரென்று கையால் அடித்து அணைத்தான். பெயின்ட் பொசுங்கியது. அவனைப் பார்த்துத் தண்ணீர் கேன்காரருக்கும் வேகம் வந்தது. அவரும் அடித்தார். மேல்மாடிக்காரர் அடித்தார். தன் மேல் ஏன் சந்தேகம் என்று உதயகுமாரும் அடித்தார். பானெட் தோசைக்கல் மாதிரி ஆனது.

"தங்கச்சி, நீயும் ஒண்ணு அட்ச்சிடு, முட்ஞ்சிடும்," என்றான் டில்லிபாபு.

வரலட்சுமி கையை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"கற்பூரத்துல பொய் சொல்ல முடியாதுங்க. எலுமிச்சம்பழம் வெச்சது நான்தான்! தெருவே கண்ணு வெச்சுது. நீங்க திருஷ்டி கழிக்கவே விடல. அதான் உங்களுக்குத் தெரியாம…"

உதயகுமார் காரின் மேலேயே சாய்ந்துவிட்டார். காயலான் கடையின் கதவு கிரீச்சென்று திறப்பது அவர் காதில் கேட்டது.

"மாமே," என்றான் டில்லிபாபு, "அப்ப நான் தரையில குந்திகினு இருந்ததுக்கு இன்னா கணக்கு?"

ரவிச்சந்திரன் முகத்தில் பூசணி விதையையும் மீறி ஒரு பிரகாசம். செல்போனை எடுத்தார். "ஸ்பீக்கர்லயே போடறேன். தெருவே சாட்சி. கிருஷ்ணப்பிரியா, அந்த ஃபைலை மூடும்மா. வெச்சது கஸ்டமரோட ஒய்ஃப்தானாம். அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"ரொம்ப சந்தோஷம் சார்," என்றது தேன் குரல்.

மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த வரலட்சுமி நிமிர்ந்தாள். "இன்ஜினு எதுக்காக நின்னுச்சுன்னு சொன்னீங்க?"

"ஃபேன்லம்மா," என்றார் ரவிச்சந்திரன். "நீங்க வெச்ச பழம் ஃபேன்ல மாட்டிக்கிச்சு."

"ஃபேன்லயா? அது எங்க கீதுன்னே எனக்குத் தெரியாதே! நான் டிக்கியிலதான வெச்சேன்?"

அவள் ஓடிப்போய் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினாள். கறுப்புக் கயிற்றில் கோர்த்த எலுமிச்சம்பழம் ஒன்று, சுருங்கி, நார்த்தங்காய் ஊறுகாய் மாதிரி பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

ரவிச்சந்திரன் குழம்பிப்போய்ப் பையிலிருந்து பாலிதீன் கவரை வெளியே எடுத்தார். உள்ளே ஃபேனிலிருந்து பிய்த்தெடுத்த சாட்சி. "ஆனா இதுல மஞ்சள் நைலான் கயிறுல்ல இருக்கு? அப்ப இதைக் கட்டினது எவன்?"

ஸ்பீக்கர் இன்னும் அணையவில்லை. அதிலிருந்து கிருஷ்ணப்பிரியா அதே இனிமையோடு சொன்னாள்:

"சார், மஞ்சள் நைலான்னா அது நம்ம கயிறு சார். எந்த வண்டிக்கும் வாரண்டி கிளெயிமே வரக் கூடாதுன்னு, டெலிவரிக்கு முன்னாடி எல்லா வண்டிக்கும் உள்ள கட்டச் சொன்னதே நீங்கதானே சார்?"